என் துப்பாக்கியில் ஹில்காவின் சைலன்சர்

காலையில் சவரம் செய்யக் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் ஹில்கா கெம்பைனனுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் பிளேடைத் தொடுகிறேன். வாய்விட்டே சொல்கிறேன். ஆரம்பத்தில் என் மனைவி பயந்துபோய் எட்டிப் பார்த்தாள், இப்போது பழகிவிட்டாள். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. கண் இரண்டும் இருக்கின்றன. பல்லில் மிச்சமிருப்பவையும் வாயில்தான் இருக்கின்றன. அறுபத்து மூன்று வயதில் ஒரு மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் ஆர்வி மோய்லனென். கைனு என்கிற பனிக்காட்டு மாகாணத்தில் எங்கள் லெஹ்டோவாரா வேட்டைச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருஷமாக வேட்டைத் தலைவன். யார் எங்கே நிற்கவேண்டும், நாயை எந்தப் பக்கமிருந்து விடவேண்டும், எப்போது காபி குடிக்கவேண்டும், எல்லாம் என் வாயிலிருந்துதான் வரவேண்டும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் இடது காதுக்குள் ஒரு கொசு இருக்கிறது. தூங்கும்போதும் பாடுகிறது, சர்ச்சில் பாதிரியார் பேசும்போதும் பாடுகிறது. சைலன்சர் இல்லாமல் முப்பது வருஷம் மூஸ் என்கிற குதிரை உயர மானைச் சுட்டதற்குக் கிடைத்த பரிசு அது. அப்போதெல்லாம் காதில் எதையாவது மாட்டிக்கொண்டால் நாய் குரைப்பது கேட்காது என்று வெறுங்காதோடு சுடுவோம். கடைசியில் நாய் குரைப்பதே சரியாகக் கேட்காமல் போனது. சினிமாவில் காட்டுகிறார்களே, சைலன்சர் மாட்டினால் 'புஸ்' என்று ஒரு சத்தம், பக்கத்து அறையில் இருப்பவன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான் என்று, அது சுத்தப் பொய். மூஸ் துப்பாக்கிக்குச் சைலன்சர் மாட்டினாலும் அடுத்த ஏரிக்கரை வரை கேட்கும். ஆனால் காதைக் கிழிக்காது, தோளில் உதைக்காது, பக்கத்தில் நிற்கிற நாய் வாலை மடக்கிக்கொண்டு ஓடாது. அவ்வளவுதான் அதன் வேலை. எங்களுக்கு அது போதும்.

மூன்று வருஷத்துக்கு முன் சங்கம் முழுக்க ஒரே கம்பெனிச் சைலன்சர் வாங்குவது என்று முடிவாயிற்று. முடிவாயிற்று என்ன, நான் முடிவு செய்தேன். பழையவை ஒரு முழ நீளம், தண்ணீர்க் குழாய் மாதிரி. இளமரக் காட்டுக்குள் நுழைந்தால் கிளைக்குக் கிளை மாட்டும். புதியது ஒரு சாண்கூட இல்லை. குட்டையானது என்பதால் சத்தத்தை நீளமானதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் விழுங்கும். ஆனால் துப்பாக்கியின் மூக்கு கனக்காது, கையில் எடுத்தால் சொன்ன இடத்துக்குத் திரும்பும். அதை மாட்டும் விதமும் எனக்குப் பிடித்துவிட்டது. துப்பாக்கிக் குழாயின் நுனியில் திருகு மரை போட்டிருக்கும். அதில் ஒரு எஃகு வளையத்தை நிரந்தரமாக முறுக்கிவிடவேண்டும். பிறகு சைலன்சரை வளையத்தின் மேல் வைத்து அரைச் சுற்று திருப்பினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். கையுறையைக் கழற்றவேண்டாம், மரையில் பனி ஏறி இறுகிப்போகிறது என்று அழவேண்டாம். எல்லோருக்கும் ஒரே வளையம், ஒரே பூட்டு, ஒரே கறுப்பு உருளை. அழகாக இருக்கிறது என்று எனக்குப் பெருமை.

அந்தக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் ஹில்கா. நூலக வண்டி ஓட்டுகிறவள். ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்பி வாங்கி, எது யாருடையது என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண் அவளுக்கு.

"எல்லாம் ஒரே மாதிரி இருந்தா என்னுது எது, உன்னுது எதுன்னு எப்படித் தெரியும் ஆர்வி?"

"ஓட்டையைப் பாரு, தெரியும்."

"அவசரத்துல யாரு ஓட்டையைப் பாத்துக்கிட்டு நிப்பா? உனக்கும் பென்ட்டிக்கும் பெரிய குண்டு. மத்த எல்லாருக்கும் சின்னது. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் வேற பூட்டு வாங்கிடுவோம். தப்பா மாட்டணும்னு நெனச்சாலும் மாட்ட முடியாது."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். என்னுடையதும் பென்ட்டியுடையதும் ஒன்பது மில்லிமீட்டருக்கும் மேல் பருமனுள்ள குண்டு. மற்றவர்களுடையது எட்டுக்கும் கீழே. சின்னக் குண்டைப் பெரிய ஓட்டைச் சைலன்சர் வழியாகச் சுட்டால் ஒன்றும் ஆகாது, சத்தம் கொஞ்சம் கூடும். பெரிய குண்டைச் சின்ன ஓட்டை வழியாகச் சுட்டால் அது வெளியே போக வழியில்லை. எஃகு கிழிந்து துண்டு துண்டாகப் பறக்கும். சுடுகிறவனின் இடது கை அதற்குப் பக்கத்தில் இருக்கிறது, முகம் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் சொன்னேன்:

"ஹில்கா, இது உன் சமையலறை ஜாடி மூடி இல்ல. இங்க எல்லாரும் துப்பாக்கி பிடிச்சுப் பழகினவங்க."

ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் வந்தபோது அவளுடைய சைலன்சரின் பக்கத்தில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். பென்ட்டி விடுவானா?

"துப்பாக்கிக்கு நகப்பூச்சு ஆச்சு. லிப்ஸ்டிக் எப்போ?"

"உன் வாய்க்குப் பூசினது போக மிச்சமிருந்தா பூசறேன்" என்றாள் ஹில்கா.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாகவேண்டும், சொல்ல வெட்கமாக இருந்தாலும். அவள் கணவன் கலேவி என்னோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போனவன். அவன் இதயம் நின்றுபோன வருஷம் அவன் துப்பாக்கியோடு, அவன் இடத்துக்கு நான் வருகிறேன் என்று வந்து நின்றாள். சுடும் தேர்வில் நான்கு குண்டையும் ஒரே கைப்பிடி அகலத்துக்குள் போட்டாள். அப்படியும் எனக்கு மனசு ஒப்பவில்லை. கலேவியின் இடத்தில் கலேவி நிற்கவேண்டும், வேறு யாரும் நிற்கக்கூடாது என்று எனக்குள் ஒரு முரண்டு. அதனால் ஆறு வருஷமும் அவளை மூஸ் வராத இடங்களாகப் பார்த்து நிறுத்தினேன். சாலையோரம், மணல் குவாரி, பால் வண்டி போகிற வழி. ஆறு வருஷத்தில் அவள் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றும்படி ஒரு மூஸ்கூட வந்ததில்லை. சங்கத்தில் இன்னும் முதல் மூஸ் அடிக்காத ஒரே ஆள் அவள். அதையும் நாங்கள்தான் சொல்லிச் சிரித்தோம்.

போன நவம்பரில், அந்த வருஷம் சுட எங்களுக்கு இருந்த அனுமதியில் ஒரே ஒரு வளர்ந்த மூஸ் மிச்சமிருந்தது. அதைச் சுட்டால் அந்த வருஷ வேட்டை முடிந்தது. சனிக்கிழமை காலை, மைனஸ் ஆறு, முழங்கால் வரை புதுப் பனி. நான் இடம் பிரிக்க வாயைத் திறந்தேன். நாய்க்காரன் டெர்ஹோ கையை உயர்த்தினான். அதிகம் பேசமாட்டான், பேசினால் நாயைப் பற்றித்தான் பேசுவான்.

"இன்னைக்குச் சீட்டு போடலாம்" என்றான்.

"எதுக்கு?"

"கடைசி மூஸ். சீட்டு போட்டாத்தான் நியாயம்."

"பத்தொன்பது வருஷமா நான் பிரிக்கிறேனே, அது நியாயமில்லையா?"

டெர்ஹோ என்னைப் பார்க்கவில்லை, நாயைப் பார்த்தான். "டுய்ஸ்குகிட்டக் கேட்டேன், அதுவும் சீட்டு போடலாம்னுதான் சொல்லுது."

எல்லோரும் சிரித்தார்கள். சீட்டுக்கட்டை எடுத்துத் தொப்பியில் போட்டார்கள். ஹில்கா கையில் நான்கு வந்தது. நான்காம் நிலை எங்கள் காட்டிலேயே ராஜா இடம். இரண்டு சதுப்புக்கு நடுவே ஒரு மணல் மேடு, அதைத் தாண்டாமல் எந்த மூஸும் கிழக்கே போக முடியாது. எனக்கு ஆறு வந்தது, அதுவும் மோசமில்லை. அவள் சீட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் கையுறையைத் தப்புக் கையில் மாட்டிக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "நாலாம் நிலையில நின்னு தூங்கிடாதே" என்றேன். என் வாய் அப்படி.

பதினொரு மணி வரை ஒன்றும் இல்லை. குடிலுக்குத் திரும்பிப் பட்டாணிக் கஞ்சி வைத்தோம். நாயோடு காட்டில் இருந்த டெர்ஹோவும் பென்ட்டியும் வரவில்லை; பென்ட்டி தன் இடத்தைவிட்டு நகர்ந்தால் மூஸ் வந்துவிடும் என்று பிளாஸ்கோடு அங்கேயே உட்கார்ந்திருந்தான். மற்ற நாங்கள் எல்லோரும் வழக்கப்படி சைலன்சர்களைக் கழற்றினோம். கிளையிலிருந்து கொட்டிய பனி உள்ளே போயிருக்கும். குடிலின் சூட்டில் அது உருகும், வெளியே எடுத்துப்போனால் உறையும், சும்மா விட்டால் துரு ஏறும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் அடுப்புக்கு மேலே இருக்கிற பலகையில் வாயைக் கீழே வைத்து வரிசையாக நிறுத்துவது எங்கள் பழக்கம். ஏழு கறுப்பு உருளைகள் ஒரே மாதிரி நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நான் இரண்டாவது கிண்ணம் எடுக்கும்போது ரேடியோ கத்தியது. காட்டில் நாயோடு இருந்த டெர்ஹோ.

"குரைக்குது! குரைக்குது! ஹாப்பாசோ சதுப்புக்கு வடக்கே. ரெண்டு இருக்கு, ஒண்ணு கொம்பு. சீக்கிரம் வாங்கப்பா!"

கிண்ணங்கள் மேஜையில் உருண்டன. எல்லோரும் ஒரே நேரத்தில் பலகைக்குக் கையை நீட்டினார்கள். என் மூக்குக்கண்ணாடியில் கஞ்சியின் ஆவி. எனக்குத் தெரிந்ததெல்லாம் பனிமூட்டத்தில் கறுப்பாக ஏதோ நிற்கிறது என்பதுதான். கைக்குக் கிடைத்ததை எடுத்தேன். வெளியே ஓடினேன். வளையத்தில் வைத்து அரைச் சுற்று, 'டக்'. அந்தச் சத்தம் எப்போதும்போல இனிமையாகக் கேட்டது. துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறு மரை இருந்த பழைய சைலன்சராக இருந்திருந்தால் யாருடையதோ ஒன்று என் குழாயில் ஏறியே இருக்காது. நான் கேட்டு வாங்கிய வசதி என்னைப் பூட்டிவிட்டது.

ஆறாம் நிலைக்கு வண்டியில் பாதி, நடையில் பாதி. போய் நின்று மூச்சு வாங்கி முடிப்பதற்குள் டுய்ஸ்குவின் குரல் என் பக்கமாக நகர ஆரம்பித்தது. வலது காதால் கேட்டேன். குரைப்பு நின்று நின்று வந்தது, பிறகு ஒரே இடத்தில் நிலைத்தது. மூஸ் நின்றுவிட்டது. நான்கு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தபோது இரண்டு இளமரங்களுக்கு நடுவே அது தெரிந்தது. அறுபது மீட்டர் இருக்கும். கொம்பு மூஸ், நல்ல அகலம். தலையைத் தாழ்த்தி நாயை முறைத்துக்கொண்டிருந்தது, விலா முழுக்க எனக்குத் திறந்து கிடந்தது. இதற்குமேல் ஒரு வேட்டைக்காரனுக்குக் கடவுள் என்ன செய்யமுடியும்?

துப்பாக்கியைத் தோளில் ஏற்றினேன். பாதுகாப்பு விசையைத் தள்ளினேன். குறி போய் உட்கார்ந்தது. விரல் விசையைத் தொட்டது.

"ஆர்வி, சுடாதே!"

காதுக் கவசத்தோடு சேர்ந்த ரேடியோவில், வலது காதில், ஹில்காவின் குரல். கிசுகிசுப்பு இல்லை, முழுக் குரல்.

"ஆர்வி, சுடாதே. உன் துப்பாக்கில இருக்கறது என் சைலன்சர். கேக்குதா? உன்னுது எங்கிட்ட இருக்கு. சுடாதே!"

விரலை எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, விரல் தானாக விறைத்து நீட்டிக்கொண்டது. துப்பாக்கியை இறக்கி அதன் மூக்கைப் பார்த்தேன். கறுப்பு உருளையின் பக்கத்தில், என் மூக்கிலிருந்து ஒரு கஜ தூரத்தில், சிவப்பாக ஒரு புள்ளி.

என் இடது கை அந்த உருளைக்குக் கொஞ்சம் பின்னால் இருந்ததைப் பார்த்தேன், ஐந்து விரலையும் எண்ணினேன். வாயைத் திறந்து "கேட்டுது" என்றேன்.

அப்படியே நிறுத்தியிருந்தால் நான் இன்று இன்னும் கொஞ்சம் மரியாதையாக இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். ஆனால் டுய்ஸ்கு இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது, மூஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. வேட்டைக்காரன் புத்தி எங்கே போகும்? சைலன்சரைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன். சைலன்சர் இல்லாமல் என் துப்பாக்கி கொஞ்சம் மேலே அடிக்கும் என்று தெரியும், அதற்கேற்பக் குறியை இறக்கினேன். துப்பாக்கியை மரத்தில் சாய்த்துப் பிடித்தேன். பிறகு சுட்டேன். மூஸ் இருபது எட்டு போய்ப் படுத்தது. அந்த வெறும் வெடியில் காதுக் கவசத்தையும் தாண்டி என் கொசு ஒரு கூட்டமாகிவிட்டது. டுய்ஸ்கு காதைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தது.

"மூஸ் விழுந்தது" என்று ரேடியோவில் சொன்னேன். வாழ்த்துகள் வந்தன. எல்லா நிலையிலிருந்தும் ஒவ்வொருவராகத் தங்கள் பக்கம் என்ன ஆயிற்று என்று சொன்னார்கள். ஹில்கா சொன்னது மூணே மூணு சொல்: "நாலுல ஒண்ணும் வரல."

மற்றவர்கள் மூஸைக் கிழித்துச் சுத்தம் செய்து பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றப் போனார்கள், ஹில்காவும் போனாள். நான் என் வேலையைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் தலைவன் எல்லா நிலைகளின் முன்பக்கத்தையும் நடந்து பார்க்கவேண்டும். காயம்பட்டு எதுவும் போயிருக்கிறதா, மற்ற மூஸ் எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவேண்டும். இரண்டாவது மூஸ் எங்கே என்று டெர்ஹோவுக்கும் தெரியவில்லை. அதைத் தேடிக்கொண்டே மூன்றைத் தாண்டி நான்குக்கு வந்தேன்.

பனி எதையும் மறைக்காது. வடக்கிலிருந்து ஒரு மூஸ் நிதானமாக நடந்து வந்திருந்தது. பெரிய குளம்பு. அவசரமில்லாத, ஆழமான அடிகள். மணல் மேட்டில் ஏறி, ஹில்கா நின்ற இடத்திலிருந்து நாற்பது எட்டு தள்ளி, மறைவே இல்லாத வெட்டவெளியில் வந்து நின்றிருந்தது. நின்றிருந்தது என்றால் ஏதோ ஒரு கணம் இல்லை. நான்கு கால்களின் சூட்டிலும் பனி அழுந்தி இறுகியிருந்தது. அதற்கு அப்புறம் அடியே இல்லை. நின்ற இடத்திலிருந்து ஒரே தாவல், ஐந்து மீட்டருக்கு அப்பால் பனி சிதறிக் கிடந்தது, அங்கிருந்து கிழக்கே தலைதெறிக்க ஓட்டம். மூஸ் எதற்காக அப்படித் தாவும்? மனுஷக் குரலுக்குத்தான்.

ஹில்கா நின்ற இடத்தையும் பார்த்தேன். இடது கால் முன்னால், வலது கால் அகலமாக, குதிகால் அழுந்தி. துப்பாக்கியைத் தோளில் ஏற்றி நிற்கிறவளின் கால். அவள் குறி வைத்திருந்தாள். ஆறு வருஷத்தில் முதல் மூஸ், அந்த வருஷத்தின் கடைசி மூஸ், நாற்பது எட்டில் விலாவைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. துப்பாக்கியை ஏற்றும்போதுதான் குழாய் நுனியில் தன் சிவப்புப் புள்ளி இல்லை, ஓட்டையும் பெரிது என்று கண்ணில் பட்டிருக்கவேண்டும். சாப்பாட்டுக்கு வந்தவர்களில் பெரிய குண்டுக்காரன் நான் ஒருவன்தான். அவளுக்கு அது ஒரு நொடிக் கணக்கு.

அந்தத் தடத்தின் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். மைனஸ் ஆறில் தலை விறைத்தது. என் வாழ்க்கையில் எனக்கு யார் யாரோ உதவி செய்திருக்கிறார்கள். ஏரிப் பனி உடைந்து விழுந்தபோது இழுத்துப் போட்டிருக்கிறார்கள், வீடு கட்டும்போது தோள் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒருத்தி தனக்கு வேண்டியதையெல்லாம் கண்ணெதிரே விரட்டிவிட்டு என்னைக் காப்பாற்றி, அதைச் சொல்லாமலும் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். நன்றி என்பது நெஞ்சில் இவ்வளவு கனமாக உட்காரும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தோலுரிக்கும் கொட்டகையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மூஸ் கொக்கியில் தொங்கியது. பென்ட்டி ஒரு தகரக் கோப்பையில் எனக்கு ஊற்றிவைத்திருந்தான்.

"தலைவருக்கு வாழ்த்து! ஆமா, அந்தச் சைலன்சர் சமாச்சாரம் என்னப்பா? ஹில்கா ரேடியோல கத்தினாளே, யாரு தப்பா எடுத்தது? நகப்பூச்சையும் தாண்டித் தப்பு நடக்குமா?"

ஹில்கா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

"நான் எடுத்தேன்" என்றேன். "கண்ணாடில ஆவி. பாக்காம எடுத்தேன். சமையலறை ஜாடி மூடின்னு அன்னைக்குக் கிண்டல் பண்ணினேனே, ஜாடி மூடியைக்கூட நம்ம வீட்டுப் பொம்பளைங்க பாத்துத்தான் போடறாங்க. நான் பாக்கல. அவ ஒரு நொடி லேட்டாச் சொல்லியிருந்தா நீங்க இப்போ மூஸைத் தூக்கியிருக்கமாட்டீங்க, என்னைத் தூக்கியிருப்பீங்க."

யாரோ பேச வாயெடுத்தார்கள், நான் விடவில்லை.

"இன்னும் இருக்கு. நாலுல ஒண்ணும் வரலன்னு அவ சொன்னது பொய். வந்துது. இதைவிடப் பெருசு. நாப்பது எட்டுல வந்து நின்னுது. அவ துப்பாக்கி தோள்ல இருந்துது. அதை விட்டுட்டுத்தான் வாயைத் திறந்தா. தடம் அங்கயே இருக்கு, போய்ப் பாருங்க. இந்தக் கொம்பு எனக்கு வேண்டாம். இந்த மூஸ் அவளோடது."

பென்ட்டி கோப்பையை என்னிடமிருந்து பிடுங்கி அவள் முன்னால் வைத்தான். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தன் மூக்கைச் சிந்தினான். டெர்ஹோ டுய்ஸ்குவின் தலையைத் தடவினான். "பெரிய குண்டுக்கார ரெண்டு பேருக்கும் வேற பூட்டு வாங்கணும்" என்றான், அவ்வளவுதான். அடுத்த வாரமே வாங்கினோம். இப்போது என்னுடையதைச் சின்னக் குண்டுத் துப்பாக்கி எதிலும் ஏற்றமுடியாது, அவர்களுடையது எதுவும் என்னுடையதில் ஏறாது.

ஹில்கா கோப்பையைத் தொடவில்லை. கத்தியை வைத்துவிட்டு வெளியே போனாள். நானும் போனேன். மணி மூன்றுகூட ஆகவில்லை, வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஏன் சொன்னே?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள்.

"சொல்லாம எப்படி இருப்பேன்? நீ என் உயிரைக் காப்பாத்தியிருக்கே. நன்றின்னு ஒரு சொல் போதாது ஹில்கா. ஆனா வேற சொல் எங்கிட்ட இல்ல."

"உனக்கு முழுசாத் தெரியாது."

"தடத்தைப் பாத்தேன்னு சொன்னேனே."

"தடத்துல அது தெரியாது." கையுறைகளைக் கழற்றி ஒன்றோடொன்று அடித்துப் பனியைத் தட்டினாள். "குழாய் மேல என் புள்ளி இல்லன்னு பாத்துட்டேன். உங்கிட்டதான் இருக்குன்னும் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பிறகும் நான் உடனே சொல்லல ஆர்வி. ஒரு மூச்சு இருந்தேன். முதல்ல சுட்டுடலாம், அப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன். விரலும் விசைல இருந்துது. உன் பக்கம் நாய் குரைக்கறது கேட்டுது, நீ எந்த நொடியும் சுடுவேன்னும் தெரியும். இருந்தும் ஒரு முழு மூச்சு இருந்தேன். நீ அதுக்குள்ள சுட்டிருந்தா?" அவள் கையுறைகளை முறுக்கினாள். "அதனாலதான் மூஸ் வரலன்னு சொன்னேன். எனக்கு நன்றி எல்லாம் சொல்லாதே. அதைக் கேக்க என்னால முடியல."

எனக்கு எப்போதும் வாய் முந்தும், அன்றைக்கு முந்தவில்லை. அந்த மணல் குவாரியையும் பால் வண்டி போகிற வழியையும் நினைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு அக்டோபரிலும் தெர்மாஸ் குடுவையோடு அவள் அங்கே போய் நின்றதையும்.

"ஹில்கா" என்றேன். "நான் உன்னை ஆறு வருஷம் தெரிஞ்சே மோசமான இடத்துல நிறுத்தினேன். தெரிஞ்சே. கலேவியோட இடத்துக்கு நீ வந்துட்டேன்னு. ஆறு வருஷம் ஒருத்தியை வஞ்சிச்சவனுக்காக நீ ஒரே ஒரு மூச்சுதான் யோசிச்சே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய், அவளைப் போலவே சுவரில் சாய்ந்து நின்றேன். உள்ளே பென்ட்டி யாரிடமோ நாலாம் நிலையைப் பார்க்கக் கிளம்பலாம் என்று சொல்வது கேட்டது. அவர்கள் லாந்தரோடு வெளியே வந்து, எங்களைப் பார்த்து, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவள் அழுது முடிக்கும் வரை நான் அங்கேயே நின்றேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை, அவள் கொடுத்த நேரம் நிறைய இருந்தது.